அக்காவுக்கு மெட்ராஸ் காட்டிய நாள்

பேத்தி ஆசையாக ரோஸ் மில்க் கலந்து கொண்டுவந்து நீட்டினாள். வாசனை மூக்கில் ஏறியதுமே குமட்டியது. "சர்க்கரை இருக்கும்மா" என்று தப்பித்தேன். எனக்குச் சர்க்கரையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அந்த இளஞ்சிவப்பைப் பார்த்தால் ஒருவனுடைய மேலுதடு ஞாபகம் வருகிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் பார்த்த உதடு.

அப்போது நாங்கள் மதுராந்தகத்தில் இருந்தோம். நான் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியார். அக்காவுக்கு முப்பது தாண்டியிருந்தது. பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் சொஜ்ஜியைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். ஒருநாள் அக்கா காபித் தட்டை டொக்கென்று கீழே வைத்தாள். "இனிமே எவன் முன்னாடியும் இதத் தூக்கிக்கிட்டு வந்து நிக்க மாட்டேன்." அம்மா அழுதாள். நான் அழவில்லை. எனக்கு ஓர் இடம் பேசி வைத்திருந்தார்கள். அக்கா கழுத்தில் தாலி ஏறாமல் என் கல்யாணம் நடக்காது. என் கவலை அதுதான்.

அந்தக் காலத்தில் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். பெண்ணிடம் சொல்லாமல் கோயிலுக்கு அழைத்து வருவது. மாப்பிள்ளை வீட்டார் தூணோரம் நின்று பார்த்துக்கொள்வது. எங்கள் தரகர் அதை இன்னும் விரித்தார். ஒரே நாள், மூன்று மாப்பிள்ளை, மூன்று இடம்: காலையில் மயிலாப்பூர் கோயில், மத்தியானம் தி.நகர் புடவைக் கடை, சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரை. அடையாளத்துக்கு மஞ்சள் புடவை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவன்போல நான் தலையாட்டினேன். படித்தவன் வேறு.

அக்காவுக்குக் கடல் என்றால் பைத்தியம். "எப்பவாவது கூட்டிட்டுப் போடா, கால் நனைக்கணும்" என்று வருஷக்கணக்காய்க் கேட்டுக்கொண்டிருந்தவள். "மெட்ராஸ் போலாம்க்கா. அந்த மஞ்சப் புடவையக் கட்டிக்கோ" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு, சரிடா என்றாள்.

மயிலாப்பூரில் சந்நிதியைச் சுற்றி வெளியே வந்தோம். மாப்பிள்ளை எதிர்க் கடையில் தன் அம்மாவோடு நின்று ரோஸ் மில்க் குடித்துக்கொண்டிருந்தார். தம்ளரை இறக்காமல், அதன் விளிம்புக்கு மேலாக அக்காவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மேலுதட்டில் இளஞ்சிவப்பாய் ஒரு மீசை. அதை நாக்கால் வழித்துக்கொண்டே மறுபடி கீழிருந்து மேலே பார்த்தார். நான் அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டினேன்.

அங்கிருந்து சைக்கிள் ரிக்‌ஷா. "வேகமாப் போப்பா" என்று நான் விரட்ட, ரிக்‌ஷாக்காரர் திரும்பினார். "இன்னா நைனா, வூட்டுக்காரம்மாவ இட்டுக்கினு வந்து இப்டி தொரத்துற? மெட்ராஸ் எங்கியும் ஓடிப்பூடாது."

"வீட்டுக்காரி இல்லப்பா, அக்கா" என்றாள் அவள். "இருட்டறதுக்குள்ள எல்லாத்தையும் காட்டி முடிக்கணும்னு இவனுக்கு வேண்டுதல்."

அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

சாப்பாட்டுக் கடையில் மோர் வருவதற்குள் அவளை இலையிலிருந்து எழுப்பினேன். தி.நகர்க் கடையில் நல்ல கூட்டம். புதுத் துணியின் கஞ்சி வாடையும் வேர்வையும் சேர்ந்து மூச்சு முட்டியது. ஒரு பருத்த அம்மாள் அக்காவை நெருங்கி நின்று, "பூ நழுவுதும்மா" என்று பின்னலைப் பிடித்தாள். அடியிலிருந்து நுனிவரை உருவினாள். உருவிய விரல்களை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு, கணவரிடம் குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள். "சவுரி இல்லீங்க. சொந்த முடிதான்."

அக்கா நிமிரவில்லை. "இந்தச் சிவப்புல வேற கரை இருக்காங்க?" என்று கடைக்காரரைக் கேட்டாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்விசிறியில் பார்க்க என்ன இருக்கிறது?

கடற்கரைக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. இன்றைக்கு இருக்கிற கூட்டத்தில் கால் பங்குகூட அன்று இல்லை. "போக்கா, போய்க் கால் நனை" என்றேன், ஏதோ நான் வெட்டி வைத்த கடல்போல. அக்கா மணலில் உட்கார்ந்தாள்.

"அடுத்தது யாருடா? இப்படித் திரும்பி உக்காரட்டுமா, அப்படியா?"

நான் குனிந்து செருப்பிலிருந்த மணலைத் தட்டினேன்.

"பொறந்ததிலேருந்து நான் என்ன கட்டியிருக்கேன்னு நீ பாத்ததில்ல. மஞ்சப் புடவைன்னு சொன்னப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தே?"

"உனக்கு அவசரம். எனக்குத் தெரியாதா?"

சற்றுத் தள்ளி, சுண்டல் பொட்டலத்தோடு ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். மனைவியை இழந்தவர் என்று தரகர் சொல்லியிருந்தார். அக்கா எழுந்து நேரே அவரிடம் போனாள். "நான்தாங்க அந்த மஞ்சப் புடவை. நல்லாப் பாத்துக்குங்க. சவுரி இல்ல, சொந்த முடி. என் தம்பி கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்."

அந்த மனிதர் பொட்டலத்தை மடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்கம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அன்று அந்த வார்த்தையைச் சொன்னது அவர் ஒருவர்தான். சொல்லியிருக்க வேண்டிய நான், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

தி.நகர்க்காரர்கள் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். அக்கா மாட்டேன் என்றாள். தம்பி கல்யாணத்தை முதலில் முடியுங்கள் என்று அம்மாவிடம் அவளே நின்று பேசினாள். நான் வெட்கமில்லாமல் மணையில் உட்கார்ந்தேன். என் மகளுக்குத் தூளி கட்டியது அந்த மஞ்சள் புடவையில்தான்.

இப்போது தூணோரம் நிற்க வேண்டியதில்லை. கைப்பேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள். அக்காவும் இல்லை. பிள்ளைகளோடு நாங்கள் அந்தக் கடற்கரைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறோம். வீட்டில் வேலை இருக்கிறது என்று அவள் நின்றுவிடுவாள். அன்றைக்குப் பிறகும் என்னிடம் சிரித்துப் பேசினாள், சோறு போட்டாள், நான் காய்ச்சலில் கிடந்தபோது கண்விழித்தாள். எங்கேயாவது கூட்டிட்டுப் போடா என்று மட்டும் கேட்கவே இல்லை.