எனக்கு விழ வேண்டிய அடி

போலீசில் என்ன வேலை பார்த்தாய் என்று சின்ன வயதில் நீங்கள் கேட்டபோதெல்லாம், "ஆளைக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைக்கிற வேலை" என்று சொல்லி முடித்துவிடுவேன். அது பொய்யில்லை. வழிக்காவல் என்று அதற்குப் பெயர். கோர்ட்டில் ரிமாண்ட் ஆனவரை ஜெயிலில் கொண்டுபோய் விட வேண்டும். வாய்தா அன்றைக்கு ஜெயிலிலிருந்து கோர்ட்டுக்குக் கூட்டி வர வேண்டும். அதற்கென்று தனி வண்டி எங்களுக்குக் கிடையாது. ஜனங்கள் போகிற பஸ்சில்தான் போவோம். விலங்கின் ஒரு வளையம் கைதியின் கையில் இருக்கும், இன்னொன்று எங்கள் கையில். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வோம். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அண்ணன் தம்பியா என்று கேட்டவர்கள்கூட உண்டு.

ஆள் தப்பினால் வேலை போகும். ஆளுக்கு ஏதாவது ஆனாலும் வேலை போகும். இது இரண்டையும்தான் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பார்கள்.

இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டு மறியல் நடந்த சமயம் அது. நம் பெரியவள் அப்போது அம்மா வயிற்றில் இருந்தாள். எனக்கு வேலை நிரந்தரமாகி அதிக நாள் ஆகவில்லை. மறியல் செய்தவர்கள் கேட்டது பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும். என் சொந்தக்காரர்களே மணலூர்பேட்டைப் பக்கத்தில் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் காக்கியைப் போட்டுக்கொண்டு அவர்கள் நடுவில் போக முடியாத நேரம். எங்கேயோ போலீஸ் சுட்டு ஆட்கள் செத்துப்போனதாகச் சேதி பரவியிருந்தது.

அப்போது கள்ளக்குறிச்சி கோர்ட்டில் ரிமாண்ட் ஆன ஒருவரைக் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோகச் சொல்லி எனக்கும் ஓர் ஏட்டுக்கும் டூட்டி போட்டார்கள். கல்வராயன் மலைக்காரர். சாராயம் காய்ச்சியதாகக் கேஸ். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். நல்ல உயரம், முறுக்கின மாதிரி மீசை. கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் பேச மாட்டார்.

பஸ் ஒன்றும் ஓடவில்லை. உளுந்தூர்பேட்டைப் பக்கம் ரோடே இல்லை, வெறும் மரமாகக் கிடக்கிறது என்றார்கள். ஏட்டு யோசித்துவிட்டு, "சின்னசேலம் வரைக்கும் நடந்துடலாம்யா. அங்க ரயிலப் புடிச்சா கடலூரு. யூனிபாரத்த அவுத்துப் பைல போடு" என்றார்.

வழிக்காவலுக்குப் போகிறவர்கள் ராத்திரி தங்க நேரும் என்று ஒரு லுங்கி வைத்திருப்போம். நான் லுங்கி கட்டிக்கொண்டேன். மாற்றுச் சட்டை கொண்டுவரவில்லை. பனியனோடு கிளம்பினேன். மலைக்காரரோ வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அது அவருடையது இல்லை. கிழிந்த துணியோடு ஆளை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தக் கூடாது என்று ஸ்டேஷனிலேயே ஒரு சட்டை துவைத்து வைத்திருப்பார்கள். கோர்ட்டுச் சட்டை என்போம். யார் வந்தாலும் அதைத்தான் மாட்டிவிடுவார்கள். திருப்பி வாங்க அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

விடிந்ததும் புறப்பட்டோம். விலங்கில் அவருடைய வலது கையும் என்னுடைய இடது கையும். மேலே துண்டு. சாவியும் வாரண்டும் துணி மூட்டையும் ஏட்டிடம். ரோட்டில் வண்டிச் சத்தமே இல்லாததால் மரவள்ளிக் காட்டில் காற்று அடிப்பது கேட்டது. வலது பக்கம் மலை தெரிந்துகொண்டே வந்தது. அவர் அந்தப் பக்கம் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டே வந்தேன், இவர் ஓடினால் அங்கேதான் ஓடுவார் என்று.

பாதி வழியில் ஏட்டுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. "நீங்க மெதுவா போய்க்கினு இருங்க. நான் இந்த ஊருக்குள்ள ஒரு மாட்டுவண்டி கெடைக்குதான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று பையோடு இறங்கிப் போனார். நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம்.

ஒரு வளைவு தாண்டினதும் பெரிய புளியமரம் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. முப்பது நாற்பது பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். திரும்பினால் சந்தேகப்படுவார்கள் என்று நேராகவே போனேன். மரத்தைத் தாண்ட வேண்டும். ஆளுக்கு ஒரு கையைத்தான் ஊன்ற முடிந்தது. நான் கிளையில் ஏறும்போது துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

"டேய், விலங்குடா" என்றது ஒரு குரல்.

அப்புறம் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கோடாலி வைத்திருந்த ஒருவர் எங்கள் முன்னால் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். லுங்கி, பனியன், இரண்டு நாள் தாடி. மலைக்காரரைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, மீசை, உயரம்.

"யோவ், நம்ம பையனப் புடிச்சிக்கினு போறான்யா மஃப்டில" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், "தம்பி, எந்த ஊரு மறியல்ல புடிச்சானுங்க உன்ன?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, ஆளை மாற்றி நினைத்திருக்கிறார்கள் என்று. "அண்ணே, நான்தான் போலீசு. அவரு கைதி" என்றேன்.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "பாவம்டா, எப்டி மெரட்டி வச்சிருக்கான் பாரு" என்றார் ஒருவர். இன்னொருவர் மலைக்காரரிடம், "இன்னா சார், ஊருக்கு ஊரு சுடறீங்களாமே? இங்கயும் சுடேன் பாக்கலாம்" என்று சட்டையைப் பிடித்தார்.

மலைக்காரர் வாயைத் திறக்கவில்லை. நான் போலீஸ் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதுவே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

எங்கள் கைகளை மரத்தின்மேல் வைக்கச் சொல்லி, கோடாலியின் பின்பக்கத்தால் சங்கிலியை அடித்து அறுத்தார்கள். "ஓடு தம்பி, கரும்புக்குள்ள பூந்து ஓடிடு" என்று என்னைத் தள்ளினார்கள். அவரை நடுவில் இழுத்தார்கள். வெட்டிப் போட்ட மரத்திலேயே விளாருக்குப் பஞ்சமில்லை. ஒடித்து ஒடித்து அடித்தார்கள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கும். நான் கூட்டத்துக்குள் புகுந்தேன். "அவரு இல்லீங்க, நான்தான், என்ன அடிங்க, நான்தான் போலீசு" என்று கத்தினேன். என்னை இரண்டு பேர் தோளைப் பிடித்து, ரொம்ப மரியாதையாக, வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். "பயப்படாத தம்பி, இனிமே உன்ன ஒண்ணும் பண்ண முடியாது அவனால" என்று எனக்கு ஒருவர் தண்ணீர் கொடுத்தார். திரும்ப உள்ளே போனேன். திரும்பவும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாரோ எறிந்த கல் அவர் புருவத்தில் பட்டு ரத்தம் சட்டையில் கொட்டியது. அவர் செத்துப்போகப் போகிறார், என் கண் முன்னால், நான் சொல்வதைக் கேட்க ஆளில்லாமல் நிற்கிறேன் என்று நினைத்தேன்.

மறியல்காரர்களுக்குக் கூழ் கொண்டுவந்திருந்த ஓர் அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அவர் கீழே விழுந்து கிடந்தவரின் காலைத்தான் பார்த்தார்.

"நிறுத்துங்கடா. போலீசுக்காரன் காலா இது? செருப்பு கண்ட காலாடா இது? வெடிப்பப் பாருங்கடா, விரல வுட்டா உள்ள போவும்."

அடி நின்றது. அந்த அம்மா என் பக்கம் திரும்பி என் காலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொன்னார். பூட்ஸ் போட்டுப் போட்டுக் கணுக்காலுக்குக் கீழே மட்டும் வெளுத்து, குதிகாலில் காய்ப்பு ஏறியிருந்தது. நெற்றியைப் பார்த்தார், தொப்பி போட்ட தடம். "இவன்தான்டா சொல்லிக்கினே இருக்கான், நான் போலீசு நான் போலீசுன்னு. உங்க காதுல இன்னா அடைச்சிருந்துது?"

விளாரைக் கையில் வைத்திருந்தவர்கள் அதை எங்கே போடுவது என்று தெரியாதவர்கள் போல நின்றார்கள். கோடாலிக்காரருக்கு முகம் வெளிறிப்போயிருந்தது. அவர்தான் முதலில் குனிந்து மலைக்காரரைத் தூக்கி உட்கார வைத்தார். "நீ ஏன்யா வாயத் தொறக்கல?" என்று அவரிடம் கேட்டார். என்னிடம் வந்து, "உன்ன இன்னாய்யா பண்றது இப்ப?" என்றார்.

"நான் மொதல்லியே சொன்னேனே அண்ணே."

"சொன்ன. அடி வாங்கறதுக்கு முன்னால வந்து நிக்கிற போலீச நாங்க எங்கய்யா பாத்திருக்கோம்?"

அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா, "ஒருத்தன அடிச்சது போதும்" என்றார். அதோடு விட்டுவிட்டார்கள். கூழை மலைக்காரருக்கு ஊற்றிக் கொடுத்தார்கள். பிறகு கோடாலிக்காரர் அவரிடம், "நாங்க பண்ணது பெரிய தப்பு. நீ கெளம்பு. தோ தெரியுது உன் மலை. இவன நாங்க புடிச்சி வச்சிக்கிறோம், பொழுது சாயறதுக்குள்ள போய்ச் சேந்துடுவ" என்றார்.

கை விலங்கு அறுந்து கிடக்கிறது. ஏட்டைக் காணோம். அவர் எழுந்து நடந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் அம்மா முகம்தான் எனக்கு முன்னால் வந்தது. மலைக்காரர் கூழைக் குடித்து முடித்தார். சொம்பைக் கீழே வைத்தார். மரத்தைப் பிடித்து எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று, "போலாங்க, ரயிலு போயிடும்" என்றார்.

ஏட்டு மாட்டுவண்டி கிடைக்காமல் திரும்பி வந்து எங்களைப் பார்த்தபோது, நடந்ததைச் சொன்னேன்; அவர் சாவியை எடுத்து இரண்டு பேர் கையிலும் மிச்சமிருந்த வளையத்தைக் கழற்றினார். சின்னசேலத்தில் கடையெல்லாம் மூடியிருந்தது. மருந்துக் கடை பாய் ஒருவர் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டு, மூன்று பேருக்கும் டீ கொடுத்தார். ரயில் தாமதமாக வந்தாலும் வந்தது.

ரயிலில் ஏட்டு தூங்கிப்போனார். நான் மலைக்காரரிடம், "நீங்க மட்டும் நான் போலீசு இல்லன்னு சொல்லியிருந்தா என்ன அடிச்சிக் கொன்னிருப்பாங்க. உங்க நல்ல மனசு" என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். "அதெல்லாம் இல்லீங்க. நீங்க செத்துட்டா எம்மேலதான எழுதுவாங்க? விலங்குல கூட இருந்தவன் நான்தான. சாராயக் கேசுன்னா வெளில வந்துடலாம். போலீச கொன்ன கேசுல எங்க வர்றது?"

"அப்ப ஓடியிருக்கலாமே? அவங்கதான் போவச் சொன்னாங்களே?"

"நான் ஓடுனா வூட்டுல பொம்பளய வந்து கூட்டிக்கினு போவீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார். அவர் நல்லவர் என்பதால் என்னைக் காப்பாற்றினார் என்று நான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவரோ எங்களுக்குப் பயந்து அடி வாங்கியிருக்கிறார். ஊரே சேர்ந்து விளாரால் அடித்ததைவிட, நாங்கள் என்ன செய்வோம் என்பது அவருக்குப் பெரிய பயமாக இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு கடலூர் வரைக்கும் அவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வரவில்லை.

சாயங்காலம் கைதிகளை லாக்கப்பில் அடைப்பதற்குள் ஜெயில் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். காயத்தோடு ஆள் வந்தால் ஜெயிலில் சும்மா வாங்க மாட்டார்கள். அதனால் ஸ்டேஷனில் அடி வாங்கினவர்களுக்கு, விழுந்துவிட்டேன் என்று சொல்லச் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். கேட்டில் இருந்த அதிகாரி கட்டைப் பார்த்துவிட்டு, "இது இன்னாய்யா?" என்றார்.

"பொதுமக்கள் சார், மறியல்ல அடிச்சிட்டாங்க" என்றார் ஏட்டு.

"பொதுமக்கள் கைதிய எதுக்குய்யா அடிக்கறாங்க?"

"போலீசுன்னு நெனச்சிட்டாங்க சார்."

அதிகாரி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "கத நல்லா இருக்கு" என்றார். பிறகு எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவரிடம், "நீ சொல்லுய்யா. பயப்படாம சொல்லு. இவனுங்க அடிச்சானுங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், எனக்கும் ஏட்டுக்கும் வேலை இல்லை. நடந்ததைச் சொன்னால் போதும், எல்லாருக்கும் நல்லது. எங்களைக் காட்டிக் கொடுக்க அவருக்கு முழு உரிமை இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

"வுழுந்துட்டேங்க" என்றார் அவர். "புளியமரம் குறுக்கால கெடந்துது. தடுக்கிட்டு வுழுந்துட்டேன்."

"இல்ல சார், ஏட்டய்யா சொல்றதுதான் நெசம். அவர அடிச்சாங்க, நான் பாத்தேன்" என்றேன் நான்.

"ஆளே வுழுந்துட்டேன்றான். உனக்கு இன்னாய்யா வந்துது?" என்று சொல்லிவிட்டு அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார். ஏட்டு என் கையை அழுத்தினார்.

பெரிய கதவில் ஓர் ஆள் குனிந்து போகிற சின்னக் கதவைத் திறந்தார்கள். ரத்தம் காய்ந்த அந்தச் சட்டையோடு அவர் குனிந்தார். உள்ளே போவதற்கு முன்னால் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். பாடம் ஒப்பித்த பிள்ளை, சரியாகச் சொன்னோமா என்று வாத்தியார் முகத்தைப் பார்க்குமே, அந்த மாதிரி.