கரண்டு கேட்டு ஜெபித்தோம்

அன்று வீட்டில் இருந்தது மூன்று பேர். நான், என் மாமனார் யெல்லே, பிறந்து நான்கே நாளான என் மகள். இருக்க வேண்டியவர்கள் இரண்டு பேர் இல்லை. என் மனைவி ரூத் ஆப்பரேஷன் செய்த இடத்தில் சீழ் வைத்து, காய்ச்சலோடு நர்சிங் ஹோமில் கிடந்தாள். மாமி அவளுக்குத் துணையாக அங்கே இருந்தார்கள். கரண்டும் இல்லை.

பிரியமானவர்களே, போன வருஷம் பர்மியர் வாஸோ என்னும் ஆடி மாத மழையில், ரங்கூன் பசுந்தாங்கில் எங்கள் வீட்டில் நடந்ததை உள்ளபடி சொல்கிறேன்.

குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. எடை ஒரு வீசை, அதாவது ஒன்றரைக் கிலோ சொச்சம்கூட இல்லை. நர்சிங் ஹோமில் கண்ணாடிப் பெட்டிக்குள் சூட்டில் வைத்திருந்தார்கள். நான்காம் நாள் அவர்களுடைய ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துபோனது. ஊரிலும் டீசல் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் இடமில்லை என்றார்கள். "வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சூடா வெச்சுக்கோங்க" என்று சொல்லித் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். டாக்ஸியில் மாமாவின் மடியில் குழந்தை. கால் விரல்கள் நீலமாக இருந்தன. நான் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். குழந்தையைப் பார்க்கப் பயம்.

மாமா ஃப்ரீஸ்லாந்தில் பிறந்தவர். ஹாலந்துக்கு வடக்கே கடலோரச் சீமை அது. ஹாலந்துக்காரர் என்று யாராவது சொன்னால் முகம் சிவந்துவிடும். ஆற்றில் மண் வாரும் கப்பலுக்கு மெக்கானிக்காக ரங்கூன் வந்தவர், எங்கள் தமிழ்ச் சபையில் மாமியைப் பார்த்தார். அப்புறம் ஊர் திரும்பவில்லை. வீடு, சபை, இந்த இரண்டுதான் அவருக்கு. சாப்பாட்டுக்கு முன் தொப்பியைக் கழற்றி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் ஜெபிப்பார். சாப்பிட்ட பிறகு வேதத்தில் ஓர் அதிகாரம், வரிசைப்படி, ஒன்றையும் தாண்டாமல். சபையில் மணியடிக்கும் கோயில்குட்டி சாலமோன் அண்ணன், "மாமா தொப்பிக்குள்ள போன் பேசுறாரு, தொந்தரவு பண்ணாதீங்க" என்று கிண்டல் செய்வார்.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ரங்கூன் லான்மடாத் துறையில் மூட்டை தூக்கியவர். "பையன் வேதம் வாசிப்பான், அது போதும்" என்று சொல்லித்தான் மாமா எனக்குப் பெண் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா சட்டையைக் கழற்றினார். மூங்கில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை வெறும் நெஞ்சில் குப்புறப் போட்டுக்கொண்டார். மேலே ஒரு லுங்கியைச் சுற்றிக் கட்டச் சொன்னார்.

"எங்க ஊர்ல பனியில ஆட்டுக்குட்டி பிறக்கும், மாப்ளே. அம்மா சட்டைக்குள்ள போட்டுக்குவாங்க. பாதி பிழைக்கும்."

கீழ்வீட்டு நர்ஸ் மா சூ வந்து பார்த்தாள். பர்மியப் பெண், எங்களோடு பழகித் தமிழ் பேசுவாள்; மாமாவை மட்டும் பர்மிய மரியாதையில் ஊ என்பாள். "ஊ யெல்லே, இனிமே நீங்கதான் பெட்டி. எறக்கவே கூடாது" என்றாள். எனக்கு அந்த வாரம் முழுக்கச் சளி, இருமல். என்னைப் பார்த்து, "நீ வாசப்படி தாண்டாதே" என்றாள். மாமி கொடுத்தனுப்பும் ரூத்தின் பாலை அவளே வந்து சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள்.

சபையார் தினமும் வந்தார்கள். குழந்தைக்கு நோய் ஒட்டும் என்று உள்ளே வராமல் மாடிப்படியில் வரிசையாக நின்று கதறி ஜெபித்தார்கள். கரண்டு வர வேண்டும், நர்சிங் ஹோமில் பெட்டி மறுபடி சூடாக வேண்டும். நானும் அதையே கேட்டேன். கரண்டு வந்தால் எங்கள் தெருப் பிள்ளைகள் "மீ லா பீ" என்று கூவுவார்கள். அந்தக் கூவலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். வந்தால் ஒரு மணி நேரம். பிறகு இருட்டு. ஆண்டவர் என் பக்கம் திரும்பவில்லை என்று நினைத்தேன். என் மகளுக்கு ஒரு பெயர்கூட நான் யோசிக்கவில்லை. பெயர் வைத்தால் புதைப்பது கஷ்டம்.

மாமாவின் கை ஒழியாததால் வாசிப்பது என் வேலையாயிற்று. ஒரு நாள் வாசலில் உட்கார்ந்து, ஆறுதலான சங்கீதம் எடுத்தேன்.

"நேத்து எங்க விட்டோம்?"

"எண்ணாகமம், மாமா. வெறும் பேரும் கணக்கும்."

"அங்க இருந்து வாசி. அவங்களும் யாரோ பெத்த பிள்ளைங்கதான்."

வாசித்து முடித்ததும் கேட்டேன். "நாங்க இவ்வளவு சத்தமா கேட்டும் வரல. நீங்க சத்தமில்லாம என்னதான் கேக்குறீங்க?"

"ஒண்ணும் கேக்கல. நான் இங்கதான் இருக்கேன்னு சொன்னேன்."

அப்படிப் பதினொரு நாள். ரூத் காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்தாள். மா சூ தராசு கொண்டுவந்தாள். குழந்தை ஒரு வீசையைத் தாண்டியிருந்தது. விரல்கள் சிவப்பாக இருந்தன. ரூத் தன் நெஞ்சுக்குக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

மாமா எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. லுங்கி விலகியது. இரண்டு காலும் தொடை வரை வீங்கிப் பளபளத்தன. அமுக்கினால் விரல் புதைந்தது. இருதயத்துக்காக அவர் தினமும் சாப்பிடும் நீர் மாத்திரை, அட்டையோடு நாற்காலி மெத்தைக்கு அடியில் இருந்தது. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

மா சூ அழுதுவிட்டாள். "ஏன் ஊ யெல்லே?"

"அதைப் போட்டா சும்மா சும்மா ஒண்ணுக்கு எந்திரிக்கணும்மா. இது தூங்குதே."

மறுபடி மாத்திரை கொடுத்தோம், ஊசி போட்டோம். நீர் நெஞ்சு வரை ஏறியிருந்தது. மூன்று மாதம் கழித்து, பர்மியரின் தாடிஞ்யுட் பண்டிகைக்குத் தெரு முழுக்க விளக்கு வைத்திருந்த வாரம், பேத்தியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு மாமா போனார். அவர்கள் ஊர் வழக்கப்படி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்தை மூன்று முறை சுற்றினோம். "இன்னொரு சுத்தா, மாமா? கனம் கொஞ்சமாவது குறைச்சுக்கக் கூடாதா?" என்று சாலமோன் அண்ணன் சொன்னார். பிறகு தோளை மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தார்.

என் மகளுக்கு அன்னா என்று பெயர் வைத்தோம். நடக்கிறாள். நான் இப்போது சாப்பிட்டதும் வரிசைப்படி வாசிக்கிறேன், பெயர்ப் பட்டியலையும் விடுவதில்லை. என்னிடம் தொப்பி இல்லை, கையால் முகத்தை மூடிக்கொள்கிறேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சில நாள் மனம் வருவதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

பிரியமானவர்களே, நீங்கள் கேட்டது வரவில்லை என்று ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். நாங்கள் தெருவில் கூவல் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பதில் வீட்டுக்குள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. கர்த்தரை நம்புங்கள்.

அடக்கம் முடிந்த வாரம், வாஸோ மாதத்துக் கரண்டு பில்லை மாமாவின் வேதப்புத்தகத்துக்குள் கண்டேன். நாற்காலியை விட்டு எழாததால் அவர் கட்டாமல் விட்ட ஒரே பில் அது. போய்க் கட்டினேன். ஆயிரத்து நூறு சாட், ஒரு டீக்கான காசு.