கண்மாய்க்குள் போட்ட தெரு

எங்கள் ஊர் வளர்ந்த கதையைப் புத்தகமாகப் போடப்போவதாகச் சொல்லிக்கொண்டு போன மாதம் நாலு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். எழுதி வைத்திருந்ததை ஒருவர் படித்துக் காட்டினார். ரயில் வந்தது, பஞ்சுப்பேட்டை வந்தது, தீப்பெட்டி ஆபீஸ் வந்தது என்று வரிசையாகப் போய், "மழை பொய்த்துத் தூர்ந்துபோன கண்மாயில் புதிய குடியிருப்புகள் தோன்றின" என்று ஒரு வரி வந்தது. தூர்ந்துபோனதாம்! வயசாகிச் செத்தவருக்குக் கருமாதிப் பத்திரிகை அடிக்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். "அது தூர்ந்துபோகவில்லை ஐயா, கரையை வெட்டினார்கள், வெட்டும்போது நான் அங்கேயே இருந்தேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்றார். எதுக்கா? அந்தக் கேள்வியில் எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகிற பக்கம் எங்கள் ஊர். கண்மாய்தான் முதலில். கிழக்கே கரை, கரைக்குக் கீழே நஞ்சை, நஞ்சையை ஒட்டி எங்கள் கிராமம். மேற்கே தரை மெல்ல மெல்ல ஏறி மேடாகும். ரயில்காரர்கள் அந்த மேட்டில் ஸ்டேஷனைக் கட்டினார்கள். ஸ்டேஷனைச் சுற்றி ஒரு டீக்கடை, ஒரு கூட்ஸ் ஷெட், பிறகு பருத்தி அரைக்கும் மில், மிளகாய் மண்டி. காரியாபட்டிப் பக்கமிருந்தும் இன்னும் எங்கெங்கிருந்தோவும் பிழைக்க வந்தார்கள். நாரணாபுரத்திலிருந்து பட்டாசு லோடு மாட்டு வண்டியில் வந்து வேகன் ஏறும். இப்படியாக எங்கள் கிராமத்துக்கு எதிரே, கண்மாய்க்கு அந்தப் பக்கம், ஒரு டவுன் முளைத்தது. அதன் மேல் எங்களுக்கு ஒரு பகையும் இல்லை. எங்கள் கத்திரிக்காயை அவர்கள்தான் வாங்கினார்கள்.

நான் சொல்வது ஐம்பதுகளின் கடைசி. எனக்குப் பதினேழு வயது. அய்யாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இரண்டாம் மடைக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் நஞ்சை. மூன்று வருஷமாகக் கண்மாய் பெருகவில்லை. கம்பங்கூழும் கேப்பைக்களியும் தின்று நாக்கு செத்துப்போனது. வயலில் பயிர் இல்லாத காலத்திலும் கோடை வந்தால் வீட்டுக்கு ஒரு ஆள் மம்பட்டியோடு கண்மாய்க்குள் இறங்கி வண்டல் வெட்டிக் கரையில் போட வேண்டும். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். கூலி கிடையாது. தண்ணீர் குடிக்கிறவன் கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் சட்டம். எங்கள் வீட்டிலிருந்து முதலில் அண்ணன் போவான். பிறகு அய்யாவே போக ஆரம்பித்தார். அண்ணன்தான் டவுனுக்குப் போய்விட்டானே.

டவுனில் ஒரு பஞ்சு முதலாளி இருந்தார். அவரிடம் லோடு ஏற்றும் ஆட்களுக்கு அண்ணன் மேஸ்திரி. கண்மாயின் மேற்கு ஓரம் காய்ந்து கிடந்ததைப் பார்த்த முதலாளிக்குக் கை அரித்தது. கருவேலத்தை வெட்டி, கல் நட்டு, கயிறு பிடித்து, மனை மனையாக விற்றார். யார் நிலத்தை யார் விற்பது? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! வாங்கியதெல்லாம் லோடுமேன்களும் தீப்பெட்டி ஆபீஸ் ஆட்களும்தான். நடுவில் தனக்கென்று ஒரு பெரிய கிட்டங்கியைக் கட்டிப் பஞ்சை அடுக்கினார். குடியிருப்பதற்கு மட்டும் அவருக்கு ஸ்டேஷன் மேட்டில் மாடி வீடு. விவரமான ஆள்.

அண்ணனும் ஒரு மனை வாங்கினான். அய்யா தலைதலையாக அடித்துக்கொண்டார்.

"ஏலே, அது தண்ணி படுக்கிற எடம்லே. அங்கன போயி வீடு கட்டுவாகளா?"

"மூணு வருசமா தண்ணி எங்கய்யா வந்துச்சு? தெருவே வந்துருச்சு. இனிமேத்தான் தண்ணி வரப்போகுதாக்கும்."

"மளை உன்னயக் கேட்டுக்கிட்டா வரும்?"

கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடையில் விழுவதற்குக் கல்லால் கட்டிய கலுங்கு ஒன்று உண்டு. அந்தக் கலுங்கின் மட்டத்துக்கு இரண்டு முழம் கீழே இருந்தது புதுத்தெரு. கண்மாய் நிறைந்தால் அந்தத் தெரு முங்கும். இதைத் தெரிந்துகொள்ள இன்ஜினியர் வேண்டியதில்லை, ஆடு மேய்க்கிறவர்களுக்கே தெரியும். முதலாளிக்குத் தெரியாதா? அவர் கிட்டங்கிக்கு மட்டும் ஆள் உயரத்துக்கு மேடை எழுப்பி ஏழு படி வைத்துக் கட்டியிருந்தாரே, அது எதற்காம்?

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்தது. அப்படியொரு மழையை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. கண்மாய் பெருகிக் கலுங்கில் வழிந்தபோது கிராமமே ஓடிப்போய்க் குலவை போட்டது. அய்யா மூன்று வருஷம் பூச்சி விழாமல் பானையில் காத்து வைத்திருந்த விதைநெல்லைத்தான் நாற்றுப் பாவியிருந்தார். நட்ட பயிர் கரும்பச்சையாகத் திரும்பியது. தையில் அறுத்தால் வருஷம் முழுக்க நெல்லுச்சோறு. அம்மா நெல் கொட்டி வைக்கிற மண் குலுக்கையைச் சாணி போட்டு மெழுகித் தயாராக வைத்துவிட்டாள்.

அதே தண்ணீர் புதுத்தெருவுக்குள்ளும் புகுந்தது. முதலில் கணுக்கால், அப்புறம் இடுப்பு. சட்டி பானையையும் பிள்ளைகளையும் தலையில் தூக்கிக்கொண்டு சனம் கரை வழியாக எங்கள் கிராமத்துக்கு வந்தது. மேட்டு வீட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. அதிகாரி யாரும் வரவில்லை. நாங்கள்தான் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டோம், கோயில் கொட்டகையைக் கொடுத்தோம், அதிலும் அடங்காதவர்களை வீட்டுக்கு வீடு வைத்துக்கொண்டோம். அண்ணன், மதினி, அவர்களுடைய ஆறு மாதக் குழந்தை மூவரும் எங்கள் வீட்டில். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அய்யா ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. "மீன் பிடிச்சியாண்ணே வீட்டுக்குள்ள?" என்றேன். மதினியே சிரித்துவிட்டாள்.

தெருவில் ஒரு குஞ்சு குருமான் மிச்சமில்லாமல் எல்லோரும் இந்தப் பக்கம் வந்தாகிவிட்டது. இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து நினைவில் வைக்க வேண்டும். தெரு காலி.

அதற்கப்புறம்தான் ஜீப் வந்தது. தண்ணீர் கிட்டங்கியின் நாலாவது படியைத் தொட்டதும் வந்தது. தாலுகாவிலிருந்து ஒரு அதிகாரி இறங்கினார், கூடவே முதலாளி. குடியிருப்பு முங்கிவிட்டதால் கரையை வெட்டித் தண்ணீரை ஓடையில் விடப்போவதாக அதிகாரி சொன்னார். கிராமத்து ஆண்களும் பெண்களும் கரையில் கூடிவிட்டோம். அய்யாதான் பேசினார். கோபமே இல்லாமல் பேசினார், அதுதான் எனக்கு எரிச்சல்.

"அய்யா, சனம் பூராம் எங்க வீட்டுல பத்திரமா இருக்கு. தை அறுப்பு வரைக்கும் நாங்க கஞ்சி ஊத்துறோம். யாரும் எங்களைக் குறை சொல்லமாட்டாக, கேட்டுப் பாருங்க."

"வெறும் ஒரு முழம் ஆழம்தான் வெட்டப்போறோம். உங்க பயிருக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் அதிகாரி.

"மண் கரை அய்யா. ஒரு முழம் வெட்டுனா ஒரு முழத்துல நிக்காது. அறுத்துக்கிட்டே போயிரும்." பிறகு அய்யா முதலாளி பக்கம் திரும்பினார். "மொதலாளி, உங்க பஞ்சுக்காகன்னாலும் சொல்லுங்க. ஊர்ல இருக்கிற அம்புட்டு வண்டியவும் மேட்டுப் பக்கமாக் கட்டிக்கிட்டு வாரோம். மூட்டைய எறக்கிக் கொண்டாந்து எங்க வீட்டுல அடுக்கிக்கிறோம். கூலி வேண்டாம்."

முதலாளி மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மாட்டுக்கொட்டத்துல போட்டு வைக்கிற சரக்கா இது?" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. பிள்ளைகுட்டிகளோடு ஒரு தெருவே எங்கள் வீட்டிலும் மாட்டுக்கொட்டத்திலும் படுத்துக் கிடந்தது. மனுஷன் படுக்கலாம், பஞ்சு படுக்கக்கூடாது. நல்ல நியாயம்!

வெட்டச் சொல்லி எங்கள் ஆட்களைக் கூப்பிட்டார்கள். ஒருவரும் மம்பட்டியைத் தொடவில்லை. மறுநாள் காலையில் லாரியில் ஆள் கொண்டுவந்து இறக்கினார்கள். முதலாளியின் லோடுமேன்கள். அவர்களை வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரி என் அண்ணன். விடியுமுன் எங்கள் வீட்டில் நீச்சத்தண்ணி குடித்துவிட்டு, "ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று சொல்லிப் போனவன், மம்பட்டியோடு கரையில் ஏறி வந்தான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன்.

அடையாளத்துக்குச் சுண்ணாம்புப் பொடி தூவியிருந்த இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கால் தானாகப் போனது.

"ஏ தாயி, எந்திரி" என்றான் அண்ணன்.

"உன் வீட்டுல இப்ப யாருண்ணே இருக்கா? யாரைக் காப்பாத்த வெட்டுற?"

"இன்னைக்கு வரலைன்னா சீசன் முச்சூடும் லோடு கெடையாதுன்னுட்டாரு. என் பொளப்பு போயிரும் தாயி."

"எங்க பொளப்பு?"

அவன் மம்பட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். அதிகாரியோடு வந்திருந்த போலீஸ்காரர் ஒருவர் என்னை நோக்கி நடந்தார். அப்போது அய்யா சத்தம் கொடுத்தார். "எந்திரிச்சு வா தாயி. அண்ணன்காரன் போலீசை விட்டுக் கூடப்பொறந்தவளை இழுத்துப் போட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வேண்டாம்." நான் எழுந்து வந்தேன். அய்யா மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் அவர் செத்த பிறகும் முழுதாகப் போகவில்லை. பேச்சு வந்தால் வரட்டுமே! பயிர் நின்றிருக்குமே!

ஒரு முழம்தான் வெட்டினார்கள். மத்தியானத்துக்குள் ஒரு மாட்டு வண்டி போகிற அகலத்துக்குக் கரை பிளந்தது. அதிகாரி மணல் மூட்டை போடச் சொல்லிக் கத்தினார். போட்ட மூட்டையெல்லாம் உருண்டு ஓடையில் போனது. சாயங்காலம் பார்த்தால் மடையின் வாய்க்குக் கீழே தண்ணீர் இறங்கிவிட்டது, இனி வயலுக்குப் பாயாது. மூன்று வருஷம் காத்திருந்த தண்ணீர் ஒரே பகலில் போய்விட்டது. ஜீப்பும் போய்விட்டது.

அண்ணன் காலெல்லாம் சேறோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். எங்கே போவான், பெண்டாட்டி பிள்ளை இங்கேதானே இருக்கிறார்கள். அம்மா வட்டிலை எடுத்து வைத்தாள். நான் வாயைத் திறக்குமுன் மதினி முந்திக்கொண்டாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"போடாதீக அத்தை." பிறகு அண்ணனைப் பார்த்து, "தெருவுல ஒரு கோளி கூட இல்லையே. யாருக்கு வெட்டுனீக?" என்றாள்.

"ஏறுன்னா ஏறணும், எறங்குன்னா எறங்கணும். நான் என்ன செய்ய?" என்றான் அவன். அம்மா மதினியின் கையை விலக்கிவிட்டுச் சோற்றைப் போட்டாள். அவன் தின்றான். மதினியும் அன்றைக்குப் பட்டினி, நானும் பட்டினி.

அடுத்த வாரமே வேகன் வந்தது. கிட்டங்கியில் இருந்த அத்தனை பஞ்சும் ஏறிப் போய்விட்டது. அண்ணன்தான் நின்று ஏற்றினான். ஒரு மூட்டையும் நனையவில்லை என்று அவனே வந்து சொன்னான். வெட்டிய அன்றைக்குத் தண்ணீருக்கும் மேடைக்கும் நடுவே இன்னும் மூன்று படி பாக்கி இருந்தது. கலுங்கு வழிந்துகொண்டிருந்த கண்மாய், அதற்கு மேல் எப்படி ஏறும்? ஒரு வாரம் பொறுத்திருந்தால் போதும். ஒரே ஒரு வாரம்! இதை நினைக்கும்போதெல்லாம் இந்த வயசிலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

கார்த்திகைக்குப் பிறகு சொட்டு மழை இல்லை. கதிர் வெளியே வந்த நேரத்தில் மண் வெடித்தது. ஊரே இறவை போட்டுக் கிணற்றுத் தண்ணீரை இறைத்துப் பார்த்தது, கிணறும் காலையில் இறைத்தால் மாலையில் இல்லை. மார்கழிக் கடைசியில் அய்யா ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். எல்லாம் பறந்துபோனது. மணியே பிடிக்கவில்லை, அத்தனையும் சாவி. அறுத்தால் அறுப்புக்கூலிக்கும் ஆகாது. அப்படிப்பட்ட பயிரில் மாட்டைத்தான் விட வேண்டும்.

அதற்குள் புதுத்தெருவுக்கே திரும்பியிருந்த அண்ணனுக்கு அய்யா ஆள் அனுப்பினார். அவன் வந்து வரப்பில் நின்றான். அய்யா இரண்டு மாட்டுக் கயிற்றையும் அவன் கையில் கொடுத்தார்.

"வெட்டுனது நீதானலே. மேயவும் நீயே விடு."

வெட்டிய நாளிலிருந்து அய்யா அவனைக் கடிந்து பேசியது அது ஒன்றுதான். அண்ணன் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். மாடு இழுத்துக்கொண்டு வயலில் இறங்கியது. அவன் வரப்பில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதான். எனக்கு இரக்கம் வந்ததா என்றால், வந்தது, பொய் சொல்லமாட்டேன். அதனால் கோபம் இன்னும் கூடியது. அழ வேண்டியவர் எங்கே அழுதார்?

உடைப்பை அடைத்துத் தரச் சொல்லி ஊரார் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார்கள். அடைத்தால் தெரு மறுபடியும் முங்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோடையில் முதலாளி காய்ந்த கண்மாய்க்குள் இன்னொரு கிட்டங்கிக்கு அஸ்திவாரமாக வானம் தோண்டினார். மேடையை நிரப்ப மண் வேண்டியிருந்தது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வீட்டுக்கு ஒரு ஆளாகச் சுமந்து போட்ட எங்கள் கரையிலிருந்துதான் வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போனார்கள்.