வடிவாப் பாத்துத் தாருங்கோ

ஒரே காரை மூன்றாவது தடவையாகக் கழுவ அனுப்பியபோது எங்கள் ஷெஃப் பொறுமை இழந்தார். ஷெஃப் என்றதும் சமையல்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். பிரான்சில் வேலையிடத்து மேலாளரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். "இது காரா, கல்யாணப் பொண்ணா?" என்று பிரெஞ்சில் கத்தினார். "இன்னும் என்ன அழகு வேணுமாம் அந்த அம்மாவுக்கு? போய்க் கேட்டுட்டு வா!"

நான் போய்க் கேட்டேன். அதிலிருந்துதான் என் தொழில் அறிவு ஆரம்பித்தது.

பாரிஸின் வட எல்லையில், போர்த் து லா ஷப்பெல் பக்கம், ஒரு கொன்சேசியோனில், அதாவது கார் விற்பனை நிலையத்தில், எனக்கு அப்போது புதிதாக வேலை கிடைத்திருந்தது. சோதனைக் காலம் இன்னும் முடியவில்லை. என்னை எடுத்ததற்கு ஒரே காரணம் தமிழ். பக்கத்து லா ஷப்பெல்லின் ஈழத்தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், காரைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள், தமக்குள் நீண்ட நேரம் பேசிக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியாமல் ஷெஃப் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் புதுச்சேரிக்காரி. தமிழ் ஒன்றுதானே என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

1. கார் தெரிந்த அண்ணை

யாழ்ப்பாணத்துக் குடும்பம் எதுவும் தனியாகக் கார் வாங்க வராது. கூடவே கார் தெரிந்த அண்ணை ஒருவர் வருவார். சொந்த அண்ணனாக இருக்க வேண்டியதில்லை, கார் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வந்ததும் முதல் வேலையாக டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டுவார். பிறகு கதவைத் திறந்து படாரென்று சாத்தி, அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பார். அப்புறம் "ம்" என்பார். அந்த "ம்" என்றால் நல்லதா கெட்டதா என்று இத்தனை வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

சுகந்தி வந்தபோது கூட வந்தவர் ராசன் அண்ணை. லா ஷப்பெலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போடுகிறவர். சுகந்தி பாரிஸுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில் இருக்கிறாள், முப்பத்தைந்து வயது இருக்கும். பல வருடம் அங்கொரு மணி நேரம் இங்கொரு மணி நேரம் என்று அலுவலகங்களைத் துப்புரவு செய்தவளுக்கு, ருவாசி விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. வேலை விடியற்காலை நாலரைக்கு ஆரம்பம். அந்த நேரத்தில் அவள் வீட்டுப் பக்கமிருந்து ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. சொந்த வாகனம் இருந்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள்.

"திங்கக்கிழமை துவங்குது அக்கா" என்றாள். "அதுக்கு முதல் எனக்கொரு கார் வேணும். கெதியா வேணும்."

அன்று வியாழக்கிழமை. பெர்மி எடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மூன்றாவது தடவையில் பாஸ் பண்ணினேன் என்று அவளே சொன்னாள். அந்த ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு, உடனே உள்ளே வைத்துக்கொண்டாள்.

நாங்கள் 'ஒக்காசியோன்' என்று சொல்லும் பழைய கார்களில் ஒரு சிவப்புச் சின்னக் கார் அவள் கைக்குப் பொருந்துகிற மாதிரி இருந்தது. ராசன் அண்ணை டயரைத் தட்டினார், கதவைச் சாத்தினார், "ம்" என்றார். சுகந்தி என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"வடிவாப் பாத்தனீங்களோ அக்கா?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வடிவு என்றால் யாழ்ப்பாணத்தில் அழகு என்று எனக்குத் தெரியும். லா ஷப்பெல் புடவைக் கடையில் "உங்களுக்கு நல்ல வடிவாயிருக்கு" என்று சொல்லித்தான் என் தலையில் இரண்டு புடவையைக் கட்டிவிட்டார்கள். ஆகவே துணிச்சலாகச் சொன்னேன்: "பாத்தேங்க. ரொம்ப வடிவா இருக்குது."

அவள் முகம் கொஞ்சம் குழம்பியது. "ஓம், ஆனா இன்னொருக்கா வடிவாப் பாத்துத் தாருங்கோ."

அழகாக்கித் தரச் சொல்கிறாள், பெண்பிள்ளை ஆசைப்படுகிறாள் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. காரைக் கழுவி மெழுகு போடச் சொன்னேன்.

2. மேலே, உள்ளே, அடியிலே

வெள்ளிக்கிழமை மதியம் வந்தாள். கார் கண்ணாடி போல மின்னியது. அதை ஒருதரம் சுற்றி வந்துவிட்டு, "வடிவாப் பாத்தாச்சோ?" என்றாள்.

"பாருங்களேன், முகம் தெரியுது!"

"மேலை இல்லை அக்கா. உள்ளுக்கை வடிவாப் பாக்கச் சொல்லுங்கோ."

உள்ளே! சரி என்று இருக்கையெல்லாம் ஷாம்பு போட்டுத் துடைக்க வைத்தேன். எலுமிச்சை வாசனை அட்டை ஒன்றையும் தொங்கவிட்டேன். கழுவுகிற பையன்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் வாடிக்கையாளர் சேவையின் உச்சத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை இருவரும் வந்தார்கள். அன்றைக்கே கார் போயாக வேண்டும், மறுநாள் கடை பூட்டு. சுகந்தி கதவைத் திறந்தாள், எலுமிச்சை வாசனை குப்பென்று வந்தது. ராசன் அண்ணை தும்மினார்.

"அக்கா" என்றாள் சுகந்தி, குரல் மெலிந்துவிட்டது. "அடியிலை? அடியிலை வடிவாப் பாத்தவையோ?"

அடியில் அழகா! யாழ்ப்பாணத்தார் ரசனைக்கு அளவே இல்லையே என்று நினைத்தபடி, சக்கரத்துக்குப் பாலிஷும் டயருக்குக் கறுப்பும் போட அனுப்பினேன். அதுதான் ஷெஃப் கத்திய மூன்றாவது தடவை.

சோதனைக் காலத்தில் இருக்கிறவளை வீட்டுக்கு அனுப்புவதற்குக் காரணம் கூடச் சொல்ல வேண்டியதில்லை. சுகந்தியிடம் திரும்பிப் போய், சிரிப்பை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்: "வேற என்னங்க வேணும்? எஞ்சினையும் வடிவாக்கணுமா?"

ராசன் அண்ணை என்னைப் பேயறைந்த மாதிரி பார்த்தார். "எஞ்சினை வடிவாக்கி என்ன பிள்ளை செய்யிறது? சாமி அறையிலை வைக்கிறதோ?"

சுகந்தி சிரிக்கவில்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக, என்னிடம் பிரெஞ்சில் பேசினாள். "வெரிஃபியே, மதாம்! பியான் வெரிஃபியே!"

நன்றாகச் சோதித்துப் பாருங்கள். மூன்று நாளாக அவள் கேட்டது அவ்வளவுதான். வடிவு என்றால் அழகு, வடிவாய் என்றால் நன்றாக, ஒழுங்காக, கவனமாக. வடிவாய்ச் சாப்பிடுங்கோ, வடிவாய்க் கேளுங்கோ, வடிவாய்ப் பாருங்கோ. ஒரு தமிழச்சி கேட்டது இன்னொரு தமிழச்சிக்குப் புரிய இடையில் ஒரு பிரெஞ்சுச் சொல் வர வேண்டியிருந்தது.

"முதல்லயே பிரெஞ்சுல சொல்லியிருக்கலாமே!" என்றேன், அசடு வழிந்தபடி.

"தமிழாளோடை என்னத்துக்கு அக்கா பிரெஞ்சு கதைக்கிறது?" என்றாள்.

நான் ஷெஃப்பைத் தேடிப் போனேன்.

3. லிஃப்டில்

ஷெஃப்பிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கினார். கொன்ட்ரோல் டெக்னிக் என்ற கட்டாயச் சோதனையில் பாஸான கார், அரசாங்கம் சரியென்று சொன்ன பிறகு இன்னும் என்ன சோதனை, சனிக்கிழமை ஆட்களுக்கு நேரமில்லை என்றார்.

இதைக் கவனியுங்கள், ஏனென்றால் அவர் பொய் சொல்லவில்லை. கொன்ட்ரோல் டெக்னிக்கில் பிரேக், விளக்கு, புகை எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் எதையும் கழற்றிப் பார்க்க மாட்டார்கள். எஞ்சினுக்குள் ஓடும் டிஸ்ட்ரிபியூசியோன் பெல்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று அந்தத் தாள் சொல்லாது. ஓடும்போது அது அறுந்தால் எஞ்சினே போய்விடும். இதையெல்லாம் அன்றைக்கு நானும் அறிந்திருக்கவில்லை. அவள் மூன்று தடவை கேட்டாள், நான் மூன்று தடவை மெழுகு பூசினேன் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு என் மேலேயே கோபம், அதை ஷெஃப் மேல் காட்டினேன்.

"இந்தக் கார் நடுரோட்டில் நின்றால் அவர் கொத்துப் போடுகிற கடையில் சொல்வார்" என்று ராசன் அண்ணையைக் காட்டினேன். "சாயங்காலத்துக்குள் ரூ பஜோல் தெருப் பிள்ளையார் கோயில் வாசல் வரைக்கும் தெரிந்துவிடும். அப்புறம் ஒரு தமிழரும் இங்கே வர மாட்டார். என்னை எதற்கு வைத்திருக்கிறீர்கள்?"

ஷெஃப் என்னைப் பார்த்தார், கண்ணாடிக்கு வெளியே நின்ற ராசன் அண்ணையையும் பார்த்தார். ராசன் அண்ணை அந்த நேரம் பார்த்து வேறொரு காரின் கதவைப் படாரென்று சாத்தினார். ஷெஃப் பெருமூச்சு விட்டுவிட்டு மெக்கானிக் மாமதுவைக் கூப்பிட்டார்.

மாமது காரை லிஃப்டில் ஏற்றினான், மூடியைக் கழற்றினான், டார்ச் அடித்தான். பிறகு எங்களையும் கிட்ட வந்து பார்க்கச் சொன்னான். பெல்ட்டின் ஓரம் முழுக்க நுண்ணிய வெடிப்பு. பக்கத்தில் தண்ணீர் பம்ப் கசிந்து காய்ந்த தடம்.

"எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டேன்.

"நாளைக்கே அறுந்துபோகலாம், ஆறு மாசமும் ஓடலாம்" என்றான். "என் தங்கைக்குக் கொடுக்க மாட்டேன்."

மாற்றித் தர ஷெஃப் ஒத்துக்கொண்டார். ஆனால் பாகம் வர புதன்கிழமையாகும். அதைக் கேட்டதும் சுகந்தி பழைய டயர் அடுக்கின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. பெர்மி இருந்த கைப்பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, "திங்கக்கிழமை போகாட்டி வேற ஆளை எடுப்பினம்" என்றாள். அவளிடம் உண்மையைச் சொன்னதுதான் அவள் வேலைக்கு உலை வைத்ததா என்று நினைத்தேன்.

நான் மாமதுவிடம் திரும்பினேன். "உன் தங்கைக்கு என்றால் எதைக் கொடுப்பாய்?"

அவன் யோசிக்கவே இல்லை. பின்பக்க முற்றத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது. யாரோ புதுக் கார் வாங்கும்போது கொடுத்துவிட்டுப் போனது, மொத்த வியாபாரிக்கு அனுப்ப வைத்திருந்தார்கள். முன்மூடி மட்டும் நீல நிறம். எங்கேயோ வாங்கி மாட்டியது, பெயின்ட் அடிக்கவில்லை. ஒரு கதவில் நீளமான கீறல். ஆனால் ஒரே சொந்தக்காரர், சர்வீஸ் செய்த பில்லெல்லாம் இருக்கிறது, பெல்ட்டுக்குப் பதில் செயின், கொன்ட்ரோல் டெக்னிக்கும் அண்மையில்தான் முடிந்தது. மாமது அதையும் லிஃப்டில் ஏற்றினான். இந்தத் தடவை சுகந்தியே அடியில் போய் நின்று, அவன் டார்ச் போகிற இடமெல்லாம் கண்ணைக் கொண்டுபோனாள். ஒவ்வொன்றையும் இது என்ன, இது எதற்கு என்று கேட்டாள். அவனும் சலிக்காமல் சொன்னான்.

ஷெஃப்தான் முகம் சுளித்தார். இப்படி ஒரு காரை எங்கள் பெயர்ப் பலகைக்குக் கீழே விற்பதா என்று அவருக்கு வெட்கம். ராசன் அண்ணைக்கும் அதே வெட்கம்.

"தங்கச்சி, நீலத்திலை ஒரு பக்கம், சாம்பலிலை ஒரு பக்கம். சனம் சிரிக்கும்."

சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள். "விடிய நாலு மணிக்கு ஆர் அண்ணை கலர் பாக்கிறது?"

மாலைக்குள் கையெழுத்தானது. காப்பீட்டுக்காரருக்கு நானே போன் பண்ணினேன், தற்காலிகப் பதிவுத்தாளை எடுத்துக் கொடுத்தேன். சாவியை வாங்கிக்கொண்டு, இரண்டு தடவை எஞ்சின் அணைந்து, மூன்றாவதில் அவள் வாசலைத் தாண்டினாள். ராசன் அண்ணை பக்கத்து இருக்கையில் இரண்டு கையாலும் பிடியைப் பிடித்திருந்தார்.

4. திங்கட்கிழமை

கார் வாங்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது அதிகமில்லை. காரைப் பார்த்தீர்களா என்று விற்கிறவரிடம் கேட்காதீர்கள். யார் பார்த்தது என்று கேளுங்கள், பார்த்தவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள், குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். கடைக்கு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிய காரைப் பிடிக்கவில்லை என்று பதினாலு நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஊரெல்லாம் சொல்வார்கள், அது பொதுவாக இல்லை. புரியாத இடத்தில் தலையாட்டாதீர்கள், எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் கேளுங்கள். விற்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: கேள்வி புரிந்ததா என்று தெரியாமல் பதில் சொல்லாதீர்கள். நானும் அன்றிலிருந்து யார் எந்த ஊர்த் தமிழில் கேட்டாலும், "அப்படின்னா என்ன அர்த்தங்க?" என்று கேட்டுவிடுவேன். சிரிப்பார்கள், பிறகு சொல்வார்கள். ஆறுதலாய் என்றால் மெதுவாய் என்பதும், காணும் என்றால் போதும் என்பதும் அப்படிக் கற்றதுதான்.

அந்தத் திங்கட்கிழமை காலை கடை திறந்த சிறிது நேரத்தில் எனக்கு போன் வந்தது. வரவேற்பில் அதை எடுத்த பெண், "உன் நீல மூடிக்காரி" என்று சொல்லி ரிசீவரைக் கொடுத்தாள். கார் வழியில் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். ஷெஃப் எதிரிலேயே இருந்தார். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பின்னால் பாத்திரங்களின் சத்தம், யாரோ பிரெஞ்சில் கூப்பிடும் சத்தம்.

"அக்கா, சுகந்தி. நேரத்துக்கு வந்து சேர்ந்திட்டன்" என்றாள். "சொல்லுவம் எண்டு எடுத்தனான். இப்பதான் இடைவேளை விட்டவை."

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். பயணம் போனவர்கள் போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்குச் சொல்வார்கள். கார் விற்றவளுக்குப் போன் பண்ணி யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. என்னவாம் என்று ஷெஃப் கேட்டார். வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாளாம் என்றேன். அதற்கு ஏன் நமக்குப் போன் பண்ணுகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. சாவியைக் கொடுத்ததோடு விற்பனை முடிந்தது என்பார் அவர். வாங்கியவர் முதல் நாள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்கிற வரைக்கும் முடிவதில்லை என்று அதற்குப் பிறகு நான் விற்ற கார் ஒவ்வொன்றிலும் நினைத்துக்கொண்டேன்.