மணிக்கு எட்டணா

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு வயர்மேன் இருந்தான். அவனிடம் ஒரு திருப்புளி, ஒரு டெஸ்ட் விளக்கு, அண்ணனிடம் இரவல் வாங்கிய ஒரு கைக்கடிகாரம். அந்த வயர்மேன் நான்தான். புது வயரிங் என்றால் விளக்குக்கு இவ்வளவு என்று 'பாயின்ட்' கூலி உண்டு. ரிப்பேருக்கு அப்படி எதுவும் கிடையாது. கான்டிராக்டரிடமிருந்து விலகித் தனியாகக் கிளம்பியபோது, மணிக்கு எட்டணா என்று நானே ஒரு கூலி வைத்தேன். பொங்கலுக்குள் நிலையான வாடிக்கை ஒன்றாவது அமையாவிட்டால் மறுபடி அவர் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். நீங்களும் நேரத்தை விற்றுப் பிழைப்பவரானால் இந்தப் பாடு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

மீதி ஐம்பத்தைந்து நிமிஷம்

வல்லத்திராக்கோட்டையில் ஒரு விவசாயி, கிணற்று மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டார். ஏழு மைல் சைக்கிள் மிதித்துப் போனேன். ஃபியூஸ் போயிருந்தது. ஐந்தே நிமிஷம், தண்ணீர் கொட்டியது. வேலை சின்னதானாலும் ஒரு மணிக் கூலி உண்டென்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் எட்டணாவைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, களத்தில் குவித்திருந்த கடலையைக் காட்டினார்.

"இன்னும் அம்பத்தஞ்சு நிமிஷம் கெடக்குல்ல தம்பி? அங்கிட்டு ஒக்காந்து அதை உரிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

உரித்தேன். வேறென்ன செய்ய?

மோட்டுவளை

அடுத்தது திருமயம் பக்கத்தில் ஒரு பெரிய வீடு. வீட்டுக்கார ஆச்சிக்கு நேரக் கணக்கு என்றால் சந்தோஷம். சுவரில் ஆளுயரக் கடிகாரம் இருந்தது. கூடத்து விளக்குகள் விட்டு விட்டு எரிந்தன. வயர் முழுதும் தேக்கு உத்தரத்தை ஒட்டி மரப்பட்டைக்குள் ஓடுகிறது. கண்ட இடத்தில் பெயர்த்தால் பாழ். கனெக்ஷன் எங்கே விட்டிருக்கும் என்று அண்ணாந்தபடியே யோசித்தேன். பிறகு ஒரே ஓர் இடத்தில் பட்டையைத் திறந்தேன். அங்கேதான் இணைப்பு தளர்ந்திருந்தது. உள்ளுக்குள் எனக்கே பெருமை. ஆச்சி கடிகாரத்தைப் பார்த்துக் கூலி சொன்னார்.

"நீங்க மோட்டுவளையைப் பாத்த இருவது நிமிஷத்தைக் கழிச்சுப்புட்டேன் தம்பி. எங்க வீட்டுல அவுக அந்த வேலையைத் தெனமும் சும்மாவே செய்யிறாக."

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன்: யோசிப்பதாக இருந்தாலும் கை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மில்லில்

அந்தப் புத்தியோடுதான் மார்கழிக் கடைசியில் ஆவுடையார்கோவில் பக்கம் ஓர் அரிசி மில்லுக்குப் போனேன். மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை. நெல்லுக் கூடைகளோடு பெண்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். முதலாளி என் கையையே பார்த்தார். அவ்வளவுதான், ஒரு கணம்கூட நின்று யோசிக்காமல் மோட்டாரைப் பிரித்தேன். துடைத்தேன், பூட்டினேன், மறுபடி பிரித்தேன். மூன்று மணி நேரம். அதற்குப் பிறகுதான் டெஸ்ட் விளக்கை எடுத்து ஃபியூஸ்களைப் பார்த்தேன். மூன்றில் ஒன்று போயிருந்தது. மாற்றியதும் மோட்டார் சுற்றியது. மோட்டாரில் கோளாறே இல்லை.

முதலாளி நாலு மணி நேரக் கூலியாக இரண்டு ரூபாய் நீட்டினார். வாங்கினால் கேட்பாரில்லை. உண்மையைச் சொன்னால் இந்த மில் வாடிக்கையும் கிடைக்காது, பொங்கலும் வந்துவிட்டது. இருந்தும், "ஒரு மணிக் கூலி போதுங்க. மூணு மணி நேரமும் தப்பான எடத்துல தேடினேன்" என்றேன். அவர் என்னையும் மோட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாசம் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க தம்பி. ஆனா வந்ததும் திருப்புளியை எடுத்துப்புடாதீங்க. செத்த நேரம் சும்மா நின்னு பாருங்க, அதுக்கும் சேத்தே கூலி தாரேன்."

இருட்டுகிற நேரத்தில் கடைசிக் கூடை நெல்லும் அரைபட்டது. அந்தக் கூடைக்காரம்மா அரிசியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒன் மூணு மணிக் கூலியை நீ வேணாம்னுட்டே, சரி. காலையிலேர்ந்து கூடையோட நின்னேனே, என் மணிக்கு யாருப்பா கூலி குடுப்பா?"

பதிலுக்கு நிற்காமல் நடந்துவிட்டார். மணிக்கு எட்டணா என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நான், அவர் என் கண்ணிலிருந்து மறையும்வரை கூலியில்லாமல் நின்றேன்.