பாதி வெட்டிய தலை

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் முடிவெட்டும் கடை வைத்திருக்கும் வின் ஆன்ட்டியிடம் நான் வாலாட்டாத நாளில்லை. அவர் கையில் கத்தரி இருந்தால் மட்டும் நல்ல பிள்ளை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மீன்பிடிச் சட்டம்தான் தன் கணவரின் படகை விற்க வைத்தது என்பார். ஒன்றியத்தை விட்டு நாடு வெளியேறத்தான் ஓட்டு என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

வாக்கெடுப்பு நாள் காலை, வாடிக்கையாளர் கீத்துக்குப் பாதித் தலை வெட்டியாயிற்று.

"இந்த லிதுவேனியாக்காரங்கள மொதல்ல கப்பலேத்தணும், வின்."

தரை கூட்டிக்கொண்டிருந்த கடை உதவியாள் யுர்கா லிதுவேனியாக்காரி. துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுக் கோட்டை மாட்டினாள்.

"எங்கடி போற?" என்றார் ஆன்ட்டி.

"அவரு சொன்ன எடத்துக்குத்தான்."

அவள் போனால் திரும்பமாட்டாள். நான் வாசலை அடைத்துக் குனிந்து, கட்டியிருந்த ஷூ கயிற்றையே மறுபடி கட்டினேன்.

ஆன்ட்டி அவளிடம் கத்தரியை நீட்டினார். "மீதிய நீ வெட்டு. கழுத்துக்குச் சவரக்கத்தியும் போடு."

கீத் பதறினார். "நீயும் வெளியேறணும்னுதானே சொன்ன?"

"நாடு வெளியேறட்டும்னேன். இவள வெளியேறச் சொன்னேனா? பயமா இருந்தா அரைத்தலையோட போய் ஓட்டுப் போடு."

யுர்கா கத்தரியை வாங்கவில்லை. கீத் கண்ணாடியில் தன் தலையை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவளிடம் கழுத்தைக் குனித்துக் கொடுத்தார்.

"காத மட்டும் விட்ரும்மா."

"அசையாம இருந்தா விடறேன்," என்று யுர்கா கோட்டைக் கழற்றினாள்.