மாமாவின் மெடலும் காய்ந்த கண்மாயும்

எங்கள் ஊரில் கடலைப் பார்த்தவர் என் மாமா ஒருவர்தான். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் கிடக்கிற ஊர்; அந்த வருடம் கண்மாய் வெடித்துக் கிடந்தது. அம்மாவின் தம்பியான மாமா, தறியில் உட்காரப் பொறுமையில்லாமல் தூத்துக்குடிக்குப் போய், கடலில் தத்தளிப்பவர்களை மீட்கிற படகில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஒரு புயலில், மீட்கப் போன அந்தப் படகே கவிழ்ந்துவிட்டது. கூடப் போன ஐந்து பேரும் திரும்பவில்லை. மாமா மட்டும் கரை ஒதுங்கினார். அவருக்கு வீரப் பதக்கம் கொடுத்தார்கள். அதை வாங்கிய கையோடு வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

பதக்கம் சாமி படத்து ஆணியில் தொங்கியது. வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா அதை முந்தானையால் துடைத்துக் காட்டுவாள். "கடலு நம்ம கண்மாயவிடப் பெருசாவா இருக்கும்?" என்று யாராவது மாமாவைக் கேட்டால், "கொஞ்சம் பெருசு" என்பதோடு சரி. கிணற்றில் ஆடு விழுந்தால் "மெடல் வாங்குனவுகளக் கூப்புடுங்கப்பா" என்று ஆள் வரும். மாமாவுக்கு உடனே வயிற்றுவலி வந்துவிடும்.

பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குத் தலைமையாசிரியர் இந்தக் கதையையே நாடகமாக்கினார். மாமாவாக மாமாவே நடிக்க வேண்டும். முடிவில் யூனியன் தலைவர் ஊரார் முன்னால் மாலை போட்டு, பதக்கத்தை மறுபடி குத்திவிடுவார் என்று ஏற்பாடு. மாமாவிடம் யாரும் கேட்கவில்லை. "எந்தம்பி நடிப்பான் சார்" என்று அம்மாவே வாக்குக் கொடுத்துவிட்டாள்.

காய்ந்த கண்மாய்தான் கடல். மாடு அவிழ்த்த வண்டிதான் படகு. ஐந்தாம் வகுப்புப் பையன்கள் ஐந்து பேர் சாகப்போகிறவர்கள். பெண்பிள்ளைகள் நாங்கள் அலை. எங்கள் வீட்டு நீலச் சேலைகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு, டிரில் வாத்தியார் விசில் ஊதினால் ஆட்ட வேண்டும்.

விசில் ஊதியது. நாங்கள் சேலைகளை உதறினோம். புழுதி கிளம்பியது. பையன்கள் ஒவ்வொருவராக வண்டியிலிருந்து குதித்து, சேலைக்கடியில் புரண்டு, ஆசை தீரச் செத்தார்கள். ஒருவன் கைதட்டலுக்காக எழுந்து வந்து இன்னொரு முறை செத்தான். அடுத்தது, மாமா தனியாகக் கரையேறி மாலை வாங்க வேண்டும்.

மாமா வண்டியை விட்டு இறங்கினார். கரைப்பக்கம் போகவில்லை. சேலைக்கடியில் கையை விட்டுத் துழாவி, ஒருவனைக் காலைப் பிடித்து இழுத்து வண்டியில் போட்டார்.

"அண்ணே, விடுங்கண்ணே! நான் செத்துட்டேன்! சார் அடிப்பாரு!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மாமா அடுத்தவனை இழுத்தார். முதலாமவன் நழுவி ஓடிப்போய் மறுபடி பிணமாகப் படுத்தான். மாமா அவனை மறுபடியும் தூக்கி வந்தார். தலைமையாசிரியர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏம்ப்பா, அவங்கெ செத்தாத்தானே கதை முடியும்!"

"எல்லாரும் ஏறட்டும் சார்" என்றார் மாமா.

ஐந்து பேரையும் ஏற்றிய பிறகு என் இடுப்பில் கை விழுந்தது.

"மாமா, நான் அலை மாமா!" என்று கத்தினேன். கேட்கவில்லை. என்னையும் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார். நுகத்தடியைத் தோளில் வாங்கிக்கொண்டு, கட்டாந்தரையில் தடதடவென்று கரை வரைக்கும் இழுத்துப் போனார். சனங்கள் விசிலடித்துக்கொண்டே கூட ஓடிவந்தார்கள். யூனியன் தலைவர் கையில் மாலையோடு நாற்காலியை விட்டு எழுந்து நின்று சிரித்தார்.

கரையில் வண்டி நின்றதும் மாமா எங்கள் தலையை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அம்மா மட்டும் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு, "போதும்டா, வீட்டுக்கு வாடா" என்று ஓடிவந்தாள். இவ்வளவு நல்ல நடிப்பைக் கெடுக்க வருகிறாளே என்று எனக்கு அவள் மேல் கோபம்.

மாமா வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஊரே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. மாமாவும் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் சிரிக்காத மனுஷனையே சிரிக்க வைத்துவிட்டோம் என்று, வண்டி மேலேயே நின்று நான் கைதட்டினேன்.